நாலாம் பயணிக்கு வயது இல்லை

போன கிழமை தர்சினி தொலைபேசி எடுத்தாள். படகுச் சங்கத்தில் எனக்குப் பிறகு வேலைக்கு வந்திருக்கிற பிள்ளை. நான் எழுதிய இணையப் பக்கத்தை இப்போது அவள்தான் பார்க்கிறாள். அலுமாரியில் கிடக்கிற பழைய கடதாசிக் கோப்புகளைக் கணினியில் ஏற்றுகிற வேலையையும் அவள் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள்.

"அக்கா, உங்கடை புரோகிராமிலை ஒரு வரி கிடக்கு. பயணியின்ரை பேர் 'கல்' எண்டு வந்தா வயது கேக்காமல் உள்ளை விடு எண்டு. புது மென்பொருள் அதைத் தேவையில்லாத வரி எண்டு காட்டுது. அழிக்கட்டோ?"

"அடி விசரி, முதல்லை கையை எடு" என்றேன்.

"ஆரக்கா இந்தக் கல்?"

அதைச் சொல்லப் போனால் என் முழு உத்தியோகத்தையும் சொல்லவேண்டும். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்குச் சொன்னபோது இடையிடையே இருமினேன். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை.

நான் இருபத்தைந்து வருடம் தட்டெழுத்தாளராக இருந்தவள். தட்டெழுத்துப் பொறிகள் போய்க் கணினி வந்ததும் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் சும்மா இருந்து சுவரைப் பார்க்க எனக்கு ஏலாது. நாற்பத்தொன்பதாம் வயதில் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறி, என் பெறாமக்கள் வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து, இணைய நிரலாக்கம் படித்தேன். ஆறு மாதம். படித்ததில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியை இன்றைக்கும் மறக்கவில்லை.

பிறகு குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுக்குப் படகு விடுகிற ஒரு சங்கம் ஆள் கேட்டது. விளம்பரத்தில் 'வயது நாற்பத்தைந்துக்கு மேற்படாதிருத்தல் வேண்டும்' என்று போட்டிருந்தார்கள். எனக்கு அப்போது ஐம்பது. விண்ணப்பப் படிவத்தில் பேனையை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். பொய் எழுத மனம் வரவில்லை. உண்மை எழுதினால் வேலை வராது. கடைசியில் வயதுப் பெட்டியை வெறுமையாய் விட்டுவிட்டுக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. தலைமயிருக்கு மை பூசியிருந்தேன், அதுவும் உதவியிருக்கலாம். வேலை கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து கோப்பு அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டால் அந்த வெறும் பெட்டிதான் நினைவுக்கு வரும்.

சங்கத் தலைவர் விசுவலிங்கத்தார். காணிப் பதிவுக் கந்தோரில் முப்பது வருடம் காணி உறுதிப் பத்திரங்களை ஒத்துப்பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் பச்சை மைப் பேனை, மேசையில் ரப்பர் முத்திரை. எந்தச் சொல்லையும் இரண்டு தரம் மென்றுவிட்டுத்தான் வெளியே விடுவார். கணினி முதல் தரம் பிழைச் செய்தி காட்டியபோது அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'எதிர்பாராத குறி' என்று இருந்தது.

"ஆர் எதிர்பார்க்கேல்லை? நீரோ, மிசினோ?"

"மிசின், ஐயா."

"அப்ப மிசினிட்டை எழுத்திலை விளக்கம் கேளும்."

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் செய்தியை அச்சடித்துத் தரச்சொல்லி, 'எதிர்பாராதவை' என்று மேலே எழுதி ஒரு புதுக் கோப்பே திறந்துவிட்டார்.

எங்கள் வேலை இதுதான். நெடுந்தீவுக்குப் போகிற சனம் தொலைபேசியில் எங்கள் பக்கத்தைத் திறந்து, எத்தனை பேர், என்ன பேர், என்ன வயது என்று நிரப்பும். உடனே ஒரு துண்டு வரும். அதில் 'மொத்தப் பயணிகள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதைத் தொலைபேசியில் காட்டித்தான் படகில் ஏறலாம். நிரப்பின விபரம் எல்லாம் ஒரே நீள எழுத்தாக ஒட்டுப்பட்டு, துறைமுகக் கந்தோரில் இருக்கிற என் கணினிக்கு வரும். எழுத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மீன் என்று கடதாசியில் எழுதிச் சட்டிக்குள் போட்டால் குழம்பு வருமா? அந்த எழுத்தைப் பிரித்து, இவர் ஒரு ஆள், இது அவருடைய பேர், இது அவருடைய வயது என்று பொருளாக்கிக் கொடுத்தால்தான் கணினி எண்ணும், பெரியவர்களுக்கு இத்தனை உயிர்காப்பு அங்கி, சிறுவர்களுக்கு இத்தனை என்று பிரிக்கும், பட்டியலை அச்சடிக்கும். இந்த எழுத்து வடிவத்துக்கு ஜேசன் என்று பெயர். கரம்பன் ஊர்ப் பக்கத்துப் பொடியன் ஒருவனுடைய பெயர் மாதிரி இருக்கும், ஆனால் குணம் அப்படியில்லை. கடும் கண்டிப்பு. ஒரு இடத்தில் ஒரு குறி பிழைத்தால் அந்த ஒரு ஆளை மட்டும் விலக்காது, முழுப் பட்டியலையும் தூக்கி எறியும்.

அந்த எழுத்தை ஒட்டித் தர ஆயத்தமாய் ஒரு கட்டளை இருக்கிறது, அதைத்தான் பாவிக்க வேண்டும் என்று படிப்பித்த தம்பி பத்துத் தரம் சொன்னவர். எனக்குத் திமிர். இருபத்தைந்து வருடம் தட்டெழுத்து அடித்தவளுக்கு மேற்கோள் குறியும் காற்புள்ளியும் போட இன்னொருவன் சொல்லித் தரவேணுமோ? எல்லாவற்றையும் என் கையாலேயே கோத்தேன். வயதுப் பெட்டியைக் கட்டாயம் நிரப்பவேண்டும் என்றும் வைக்கவில்லை. அதற்கு நான் சொன்ன காரணம், வயது போன ஆட்களுக்குச் சரியான வயது தெரியாது என்பது. உண்மைக் காரணம் உங்களுக்கு இப்போது தெரியும்.

இரண்டு வருடம் ஒரு கரைச்சலும் இல்லை, ஏனென்றால் அதுவரை கந்தோரில் இருந்த எழுத்தர்தான் எல்லோருக்கும் நிரப்பிக் கொடுத்தார். வயதைச் சொல்லாத கிழவிகளுக்கு அவரே முகத்தைப் பார்த்து ஒன்றைப் போடுவார். பிறகு ஒரு திங்கட்கிழமை, சனமே தொலைபேசியில் நிரப்பலாம் என்று திறந்துவிட்டோம். அன்றைக்கே விசுவலிங்கத்தார், 'இனிமேல் கையால் எழுதிய பட்டியல் செல்லாது' என்று பச்சை மையில் அறிவித்தல் எழுதி, முத்திரை குத்திக் கதவில் ஒட்டினார். கையால் எழுதினால் கடைசி நேரத்தில் படகோட்டிகள் நாலு பேரைக் கூட ஏற்றிவிடுவார்கள் என்பது அவருடைய பயம். நியாயமான பயம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

காலை எட்டு மணிப் படகு. பயணப்பட்டியலைத் திறக்கிறேன், திரை வெறுமை. மேலே ஒரு சிவப்பு வரி. எதிர்பாராத குறி, காற்புள்ளி. வெளியே முப்பத்துச் சொச்சம் பேர் மூட்டையும் கோழியுமாய் நிற்கிறார்கள். படகோட்டி யோசேப்பு அண்ணை கதவடியில் நின்று, "தங்கச்சி, லிஸ்ற்றைத் தாரும், காத்து மாறப்போகுது" என்று மூன்றாம் தரம் சொல்கிறார்.

"லிஸ்ற் வரேல்லை அண்ணை."

"அப்ப ஒரு கொப்பித் தாளிலை எழுதுவம்."

விசுவலிங்கத்தார் எழும்பி வந்து, கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலை விரலால் தட்டிக் காட்டினார்.

அதற்குள் ஒரு அம்மா கந்தோருக்குள் வந்துவிட்டார். வேலணை இராசமணி அக்கா. காஞ்சிபுரச் சீலை, கையில் தாம்பாளம், பின்னால் தமையன் செல்லத்துரை, அவருக்குப் பின்னால் மகன் ரூபன். ரூபன் வெளிநாட்டிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்தவன். நெடுந்தீவில் பொம்பிளை பார்க்கப் போகிறார்கள்.

"பிள்ளை, பத்தரைக்கு இராகுகாலம் துவங்குது. அதுக்கு முன்னம் அவையின்ரை படலைக்குள்ளை கால் வைக்கவேணும். நாளைக்குச் சனி, கூடாது. ஞாயிறு அட்டமி. திங்கள் இவனுக்குப் பிளேன். இண்டைக்கு இல்லையெண்டா இல்லை" என்றார்.

யோசேப்பு அண்ணைக்குப் பொம்பிளையைத் தெரியும். கலைவாணி, அவருடைய மகளுக்குக் கணக்குப் படிப்பித்த ரீச்சர். "ஐயா, அந்தப் பிள்ளைக்கு முன்னம் இரண்டு இடம் வந்தது" என்றார். "ஒருத்தர் இந்தத் துறை மட்டும் வந்து, கடலைப் பாத்துப்போட்டு அதே பஸ்ஸிலை திரும்பிப் போனவர். மற்றவர் வந்து சேந்தவர்தான், ஆனால் வழி நெடுகச் சத்தி எடுத்துப் பொம்பிளையை நிமிந்து பாக்கேல்லை. இவையும் போகாட்டி இனித் தனக்குக் கலியாணப் பேச்சே வேண்டாம் எண்டு அது சொல்லிப்போட்டுது."

ஒரு பிள்ளையின் கலியாணம் என்னுடைய ஒரு காற்புள்ளியில் தொங்குகிறது.

மூல எழுத்தைத் திரையில் எடுத்தேன். ஆறு பக்கம் வரும், ஒரு இடைவெளி இல்லை. எங்கே பிழை என்று கண் பிடிக்குதில்லை. பதறப் பதற எழுத்தெல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. விசுவலிங்கத்தார் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தார்.

"அச்சடியும். நான் வாசிக்கிறன், நீர் திரையிலை பாரும். உறுதி ஒத்துப்பாக்கிற மாதிரி."

"ஐயா, நேரமில்லை."

"நேரமில்லாத நேரத்திலைதான் வடிவா வாசிக்கவேணும்."

வாசிக்கத் தொடங்கினார். காணி உறுதி வாசிக்கிற அதே குரல். ஒரு குறியையும் விடவில்லை. "நெளி அடைப்புத் திறக்குது. மேற்கோள், பெயர், மேற்கோள், முக்காற்புள்ளி, மேற்கோள், சிவபாக்கியம், மேற்கோள், காற்புள்ளி. மேற்கோள், வயது, மேற்கோள், முக்காற்புள்ளி, எழுபத்தொண்டு." வெளியே நின்ற சிவபாக்கியம் ஆச்சி, "ஆரடா என்ரை வயதைக் கூப்பிடுறது?" என்று யன்னலுக்குள் தலையை விட்டார். இப்படி ஒவ்வொருவராய். சனம் மூட்டையை வைத்துவிட்டு யன்னலைச் சுற்றி நின்று கேட்கத் தொடங்கியது. யாருக்கு என்ன வயது என்று இலவசமாய்த் தெரிகிறதென்றால் யார் விடுவார்கள்?

பத்தொன்பதாம் ஆள். "பெயர், முக்காற்புள்ளி, கல், காற்புள்ளி. வயது, முக்காற்புள்ளி..." நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். "ஒண்டும் இல்லை. உடனை காற்புள்ளி."

அதுதான். வயது வரவேண்டிய இடத்தில் வெறுமை, அதற்குப் பிறகு நான் என் கையாலே ஒட்டின காற்புள்ளி. முழுப் பட்டியலையும் கவிழ்த்தது அதுதான்.

"கல் எண்டா ஆர்?" என்று கேட்டார் ஐயா. எனக்குத் தெரியாது. அவர் எழும்பிக் கதவடிக்குப் போய், நீதிமன்றத்தில் சாட்சியைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார்.

"கல்! கல் எண்டு ஆரும் வந்திருக்கிறீங்களோ?"

சனம் ஒன்றையொன்று பார்த்தது. இராசமணி அக்கா தாம்பாளத்தைப் பார்த்தார். செல்லத்துரை கடலைப் பார்த்தார். ரூபன்தான் மெல்லமாய்க் கையை உயர்த்தி, சட்டைப் பையிலிருந்து தேசிக்காய் அளவில் ஒரு கல்லை எடுத்துக் காட்டினான்.

துறையே சிரிப்பில் அதிர்ந்தது. ஒரு கோழி கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது.

"சிரிக்காதேங்கோ" என்றார் இராசமணி அக்கா. "நல்ல காரியத்துக்கு மூண்டு பேராய்ப் போகக் கூடாது. நாலாம் ஆளாய் ஒரு கல்லைக் கொண்டு போறது வழக்கம். வழக்கமா மடியிலை கட்டினாப் போதும். இவையின்ரை துண்டிலை மொத்தம் மூண்டு எண்டு கொட்டை எழுத்திலை வருகுது. அதைக் கையிலை வைச்சுக்கொண்டு நான் எப்பிடிப் போறது? அதுதான் கல்லையும் பதிஞ்சனாங்கள்."

"வயது ஏன் போடேல்லை?" என்று கேட்டார் ஐயா. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"கல்லுக்கு என்ன வயதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் ரூபன்.

"இந்தக் கடற்கரைப் பவளக்கல்லெண்டா எங்கடை எல்லாரையும் விட மூப்பு" என்றார் யோசேப்பு அண்ணை.

நான் விறுவிறென்று வேலையைத் தொடங்கினேன். கல்லின் வயதுக்குப் பூச்சியம் போட்டால் பட்டியல் வந்துவிடும். ஐயா என் கையைத் தட்டினார். "இது ஆக்களின்ரை பட்டியல். படகு பிரண்டா இதை வைச்சுத்தான் தேடுவினம். மூண்டு பேரை எடுத்துப்போட்டு நாலாவது ஆளைத் தேடிக் கடலுக்கை ஆள் இறங்கும். கல்லைத் தேடி ஒருத்தன் உயிரை விடுறதோ?"

கல்லை அழித்தேன். பட்டியல் வந்தது. இராசமணி அக்காவின் துண்டில் மொத்தம் மூன்று என்று வந்தது. அவர் அந்த இடத்திலேயே தாம்பாளத்தோடு நிலத்தில் இருந்துவிட்டார்.

"மூண்டு எண்டு கிடந்தா நான் ஏறமாட்டன். அந்தப் பிள்ளைக்கு இரண்டு தரம் முறிஞ்சது காணும். மூண்டாவதாய் நான் முறிக்கமாட்டன்."

மணி எட்டு ஐம்பது. படகு போய்ச் சேர ஒரு மணி நேரம், இறங்கிப் போகக் கொஞ்ச நேரம். யோசேப்பு அண்ணை சனத்தைப் பார்த்து, "ஆராவது இவையோடை நாலாம் ஆளாய்ப் போங்கோவன்" என்று கேட்டார். ஒருவருக்குத் துடக்கு, வீட்டில் செத்தவீடு நடந்து எட்டுக்கூடக் கழியவில்லை. இன்னொருவர் தன் மாட்டுக்கு மருந்து கொண்டு ஓடுகிறார். ஒருவர், "நான் மீன் மணக்கிறன், என்னைக் கூட்டிக்கொண்டு போனா உள்ளதும் கெட்டுப்போம்" என்றார்.

எனக்குள் ஏதோ அரித்தது. இது என் காற்புள்ளி. ஒரு மணி நேரத்தைத் தின்றது நான்.

"நான் வாறன்" என்றேன்.

இராசமணி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் கலியாணம் கட்டினனீரோ?"

"இல்லை."

"பறவாயில்லை. மூண்டிலும் பாக்க நல்லது."

கதிரையில் இருந்து, இராசமணி அக்காவின் பதிவில் நாலாவதாய் என் பெயரை அடித்தேன். பரமேஸ்வரி. அடுத்த பெட்டி, வயது. அப்போதுதான் உறைத்தது. வெறுமையாய் விட ஏலாது. விட்டால் என் புரோகிராமே திரும்பவும் முழுப் பட்டியலையும் தூக்கி எறியும். நானே வெட்டின கிடங்கு. நாற்பத்துநாலு என்று அடித்தேன். ஐயா பக்கத்தில் நின்றார். படகு பிரண்டால் நாற்பத்துநாலு வயதுப் பெண்ணைத் தேடுகிற ஆள், என்னைக் கண்டெடுத்தாலும் இது வேறு ஆள் என்று திரும்பப் போட்டுவிடுவானோ என்று ஒரு விசர் நினைவு வந்தது. அழித்தேன். வேலை போனால் போகட்டும் என்று நினைக்கவில்லை. போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். அந்த வேலையில் எனக்கு அவ்வளவு ஆசை. ஆனாலும் உள்ளதை அடித்தேன்.

ஐயா அச்சுத் தாளை எடுத்து, வழக்கம் போல ஒத்துப்பார்க்கத் தொடங்கினார். யன்னலைச் சுற்றி முப்பது பேர்.

"பெயர், முக்காற்புள்ளி, பரமேஸ்வரி, காற்புள்ளி. வயது, முக்காற்புள்ளி..." ஒரு கணம் நின்றார். நாற்பத்தைந்துக்கு மேற்படக்கூடாது என்று விளம்பரம் எழுதினவர் அவர்தான். பச்சை மையில். "ஐம்பத்திரண்டு" என்று, மற்றவர்களுக்கு வாசித்த அதே குரலில், குறைக்காமல் கூட்டாமல் வாசித்தார்.

"அட, பாத்தா அப்பிடித் தெரியேல்லை" என்றார் சிவபாக்கியம் ஆச்சி யன்னலுக்கு வெளியே.

ஐயா முத்திரையைக் குத்தினார். "போட்டு வாரும்" என்று மட்டும் சொன்னார்.

பத்து மணி பத்துக்குப் படலைக்குள் கால் வைத்தோம். என்னை மாப்பிள்ளையின் பெரியம்மா என்று அறிமுகம் செய்தார்கள். மூன்று பலகாரத் தட்டு என் முன்னால் வந்தது, ஒன்றையும் தொடவில்லை. திரும்பிப் போனதும் வேலை இல்லை என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. கலைவாணி ரீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்து, ரூபனை நேரே பார்த்து, "கடல் ஒத்துக்கொண்டுதோ?" என்று கேட்டாள். "கடல் பிரச்சினையில்லை, கரைதான் கஷ்டப்படுத்திப்போட்டுது" என்று அவன் கல்லை எடுத்து மேசையில் வைத்தான். அவள் சிரித்த சிரிப்பில் காரியம் முடிந்துவிட்டது. ஆவணியில் கலியாணம்.

அடுத்த நாள் காலை கந்தோருக்குப் போனேன். ஐயா தலையை நிமிர்த்தவில்லை. "நேற்றைய பிழைக்கு எழுத்திலை விளக்கம் தாரும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். எழுத்தைக் கையால் கோப்பதை அன்றோடு விட்டேன். அந்தத் தம்பி சொன்ன கட்டளையைப் போட்டேன். ஒருவருடைய விபரம் பிழைத்தாலும் மற்றவர்களை விடாமல் ஏற்றுகிற மாதிரி மாற்றினேன். வயதைக் கட்டாயமாக்கினேன். அதோடு அந்த ஒரு வரி: பெயர் கல் என்று வந்தால் வயது கேட்காதே, உள்ளே விடு, துண்டில் நாலு என்று காட்டு, ஆட்கணக்கிலும் அங்கிக் கணக்கிலும் சேர்க்காதே. ஐயா அதை வாசித்து ஒப்பமிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ கல்லுகள் எங்கள் படகில் போய் வந்துவிட்டன.

என் வயதைப் பற்றி மட்டும் ஒரு சொல் வரவில்லை. சங்கத்தில் ஐம்பத்தைந்தில் ஓய்வு. என் ஐம்பத்தைந்து வந்தது, ஒன்றும் நடக்கவில்லை. ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு. ஐயா விலகி, புதுத் தலைவர் வந்தார், அப்போதும் கடிதம் வரவில்லை. மறந்துபோனார்கள் என்று நினைத்து, மூச்சுக் காட்டாமல் வேலை செய்தேன். போன வருடம், அறுபதில், முழங்கால் ஏலாமல் நானாகவே விலகல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இவ்வளவையும் கேட்ட தர்சினி விசைப்பலகையில் ஏதோ தட்டினாள். பிறகு, "அக்கா, அப்ப இது பிழை இல்லைப் போலை" என்றாள்.

"எது?"

"உங்கடை பழைய கோப்பை இப்ப ஏத்திக்கொண்டிருக்கிறன். விண்ணப்பத்திலை வயதுப் பெட்டிக்குள்ளை பச்சை மையிலை 'கல்' எண்டு எழுதியிருக்கு. பக்கத்திலை ஒப்பமும் முத்திரையும். திகதி நீங்கள் சொன்ன வெள்ளிக்கிழமையாத்தான் இருக்கவேணும். நான் ஆரோ பகிடிக்கு எழுதினது எண்டு நினைச்சன்."

விசுவலிங்கத்தாருடைய பச்சை மை. முப்பது வருடம் ஒரு உறுதியில் ஒரு எழுத்துப் பிழை விடாத மனிசன். நான் படகில் பயந்து செத்துக்கொண்டு போன நேரம், இங்கே அலுமாரியைத் திறந்து என் கோப்பை எடுத்திருக்கிறார். எட்டு வருடம் அந்த ஒரு சொல்தான் என்னை உள்ளே விட்டிருக்கிறது. கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. அவர் இப்போது வேலணையில் இருக்கிறார், காது கேட்காது. ஞாயிற்றுக்கிழமை போய் எழுத்திலை விளக்கம் கேட்கவேணும்.

"அக்கா, இருக்கிறீங்களோ?" என்றாள் தர்சினி. "ஊழியர் பக்கத்திலை கல் எண்டதை ஏத்துதில்லை. வயதுப் பெட்டி கட்டாயம் எண்டு சிவப்புக் காட்டுது. வெறுமையா விடவும் ஏலாது. என்ன போட?"

"அறுபத்தொண்டு எண்டு போடு" என்றேன். "போட்டிட்டு, பெலத்த சத்தத்திலை ஒருக்கா வாசி. நான் ஒத்துப்பாக்கிறன்."